நுரையீரல் புற்றுநோய் உறுதியான பிறகு: முதல் ரிப்போர்ட்டிலிருந்து தொடர் கண்காணிப்பு வரை முழுமையான வழிகாட்டி

நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியானதும் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம் தொற்றிக்கொள்ளும். "நாளைக்கே ஏதாவது மருந்தை ஆரம்பியுங்கள்" என்று மருத்துவரை நெருக்குவார்கள். சிகிச்சை ஓடத் தொடங்கிய பிறகு கதை மாறிவிடும். "இதுக்கெல்லாம் டாக்டரைத் தொந்தரவு பண்ணணுமா" என்று நோயாளி காய்ச்சலையும் மூச்சிரைப்பையும் வெளியே சொல்லாமல் இருப்பார். இந்த நோயில் நடக்க வேண்டியது இதற்கு நேர்தலைகீழ். தொடக்கத்தில் ரிப்போர்ட்கள் முழுதாக வரும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிறகு எதையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த இரண்டையும் சுற்றித்தான் வருகின்றன. உங்களுக்கான மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் எதைக் கேட்பது, எதை எப்போது சொல்வது என்பதற்குத்தான் இது.

படி 1: நோயின் முழுப்பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிடி ஸ்கேனில் கட்டி தெரிந்தால் மட்டும் போதாது. காசநோய், பூஞ்சைத் தொற்று போன்றவையும் ஸ்கேனில் கட்டி போலவே தெரியலாம். பயாப்ஸி எடுத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். "ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்" என்று பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. ஊசி போன வழியில் செல்கள் பரவுவது மிக மிக அரிது. பயாப்ஸி இல்லாமல் சிகிச்சை எடுப்பதில் இருக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது, சிறுசெல் வகையா, சிறுசெல் அல்லாத வகையா என்பது. நூற்றில் ஏறத்தாழ 85 பேருக்கு வருவது சிறுசெல் அல்லாத வகை. அதற்குள் அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று பிரிவுகள் உண்டு. ரிப்போர்ட்டின் கடைசி வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "அடினோகார்சினோமா, டிடிஎஃப் 1 பாசிட்டிவ், பி 40 நெகட்டிவ்." டிடிஎஃப் 1 பாசிட்டிவ் என்றால் நோய் நுரையீரலிலேயே தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பி 40 என்பது ஸ்குவாமஸ் வகையைக் காட்டும் குறி. அது நெகட்டிவ் என்பதால் அந்த வகை இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பயமுறுத்தும் எழுத்துகளாகத் தெரியும் இவை, நோய்க்கு முகவரி கண்டுபிடிக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

சிறுசெல் வகை வேகமாகப் பெருகும், சீக்கிரம் பரவும். அதில் காத்திருக்க நேரம் இல்லை, பெரும்பாலும் கீமோவை உடனே தொடங்கிவிடுவார்கள். நான் சொல்லும் பொறுமை சிறுசெல் அல்லாத வகைக்கு. அதிலும் மூச்சுத்திணறல், மூளையில் வீக்கம் போன்ற அவசரம் ஏதும் இல்லாதவர்களுக்கு.

படி 2: எந்த நிலை என்று முடிவாகட்டும்

கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்கள், வேறு உறுப்புகளுக்குப் பரவல் என்று மூன்றையும் சேர்த்துத்தான் நிலை 1 முதல் 4 வரை சொல்கிறார்கள். இதற்கு வழக்கமாக, உடலில் நோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் சிடி ஸ்கேனும் மூளைக்கு எம்ஆர்ஐயும் தேவைப்படும். "தலைவலியே இல்லையே, எதற்கு மூளை ஸ்கேன்?" என்று தோன்றலாம். நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் போகும் வழக்கம் உள்ள நோய். அறிகுறி காட்டாமலும் அங்கே இருக்கும். மார்பின் நடுவில் உள்ள கணுக்களில் சந்தேகம் இருந்தால் மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் குழாயை விட்டு அங்கேயும் மாதிரி எடுப்பார்கள்.

பொதுவாக நிலை 1, 2 என்றால் அறுவை சிகிச்சை முதல் தேர்வு. நிலை 3 என்றால் பல சிகிச்சைகளின் கலவை. நிலை 4 என்றால் உடல் முழுக்கப் போகும் மருந்துகள். சிறுசெல் வகையில் நோய் மார்பின் ஒரு பக்கத்தோடு நிற்கிறதா, பரவிவிட்டதா என்ற இரண்டே பிரிவைத்தான் பெரும்பாலும் பேசுவார்கள்.

படி 3: மரபணு ரிப்போர்ட் வரும்வரை காத்திருங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சிறுசெல் அல்லாத வகையில், குறிப்பாக அடினோகார்சினோமாவில், புற்றுசெல்லை ஓட்டும் மரபணு மாற்றம் எது என்று தெரிந்தால் அதற்கென்றே மாத்திரை இருக்கலாம். 2004இல் ஈஜிஎஃப்ஆர் மாற்றமும், 2007இல் ஏஎல்கே மாற்றமும் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சிகிச்சையே வேறு பாதைக்குப் போய்விட்டது. இன்று ராஸ் 1, பிராஃப், கேராஸ், மெட், ரெட், ஹெர் 2, என்டிஆர்கே என்று பட்டியல் நீள்கிறது. புகையே தொடாதவர்களிடம் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றங்கள் கூடுதலாகத் தென்படுகின்றன. அதோடு பிடிஎல் 1 என்ற புரதத்தின் அளவையும் சதவீதத்தில் சொல்வார்கள். இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை, எவ்வளவு கைகொடுக்கும் என்பதற்கு அது ஒரு குறிப்பு. 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால், மரபணு மாற்றம் எதுவும் இல்லாத பட்சத்தில், கீமோ இல்லாமல் இம்யூனோதெரபி மட்டும் கொடுப்பதும் ஒரு வழி.

இந்த ரிப்போர்ட் வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் பிடிஎல் 1 எண் மட்டும் வந்துவிடும். எண் நன்றாக இருக்கிறதே என்று இம்யூனோதெரபியைத் தொடங்கினால் என்ன? பின்னால் ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று தெரிந்து அதற்கான ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறும்போது நுரையீரல் கடுமையாக அழற்சி அடையும் ஆபத்து கூடும். இம்யூனோதெரபி மருந்து உடலில் மாதக்கணக்கில் தங்குவதால், "நிறுத்திவிட்டோமே" என்பது இங்கே உதவாது. காத்திருக்கவே முடியாத நிலை என்றால், ரிப்போர்ட் வரும்வரை முதல் சுற்றில் கீமோ மட்டும் கொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

திசு போதவில்லை என்று பரிசோதனை திரும்பி வருவது சகஜம். அப்போது ரத்தத்தில் மிதக்கும் புற்றுசெல் டிஎன்ஏவைத் தேடும் பரிசோதனை உண்டு, முடிவும் சீக்கிரம் வரும். ஆனால் ரத்தத்தில் "இல்லை" என்று வந்தால் அதை இறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தத்தில் சிக்காதது திசுவில் இருக்கலாம். இன்னொன்று: பயாப்ஸித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பாரஃபின் பிளாக் என்று பெயர். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்கப் போனால் காகித ரிப்போர்ட்டோடு அந்த பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் மறுபடி ஊசி குத்த வேண்டி வரும்.

படி 4: முதல் நீண்ட சந்திப்பு

கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள். பதற்றத்தில் இருப்பவர் காதில் பாதிதான் விழும். ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: வகை என்ன, நிலை என்ன, மரபணு முடிவு என்ன? சிகிச்சையின் நோக்கம் முழுதாகக் குணப்படுத்துவதா, கட்டுக்குள் வைப்பதா? வேறு என்ன வழிகள் உண்டு, இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணில் கூப்பிடுவது? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு அதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

மருத்துவர் நீங்கள் எவ்வளவு நடமாடுகிறீர்கள், உங்கள் வேலைகளை நீங்களே செய்கிறீர்களா என்றெல்லாம் விசாரிப்பார். அதை வைத்து 0 முதல் 4 வரை ஓர் எண் போடுவார்கள். 0 என்றால் எல்லாம் வழக்கம்போல, 4 என்றால் முழுநேரமும் படுக்கை. கீமோ தாங்குமா என்ற முடிவில் வயதைவிட இந்த எண்ணுக்கு எடை அதிகம். அதனால் கெத்துக்காகக் கூட்டியும் சொல்லாதீர்கள், சலிப்பில் குறைத்தும் சொல்லாதீர்கள்.

இணையத்தில் "சராசரியாக இத்தனை மாதம்" என்று பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைப்பவர்கள் உண்டு. அங்கே சொல்வது பெரும்பாலும் இடைநிலை எண். பாதிப் பேர் அதற்கு முன், மீதிப் பாதி அதற்குப் பின் என்று மட்டுமே பொருள். அந்தப் பின்பாதி வருடக்கணக்கில் நீளலாம். தவிர, எல்லா வகைகளையும் கலந்து, பழைய மருந்துகளின் காலத்தில் எடுத்த எண்ணாகவும் இருக்கும். எண் வேண்டும் என்றால் உங்கள் வகைக்கும் நிலைக்கும் உரியதை மருத்துவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் "எனக்கு எண் சொல்ல வேண்டாம்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

படி 5: சிகிச்சைக் காலம் எப்படி இருக்கும்

அறுவை சிகிச்சை: வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. பெரும்பாலும் கட்டி இருக்கும் மடலை எடுப்பார்கள். அதற்கு முன் நுரையீரலின் திறனை ஊதிப் பார்க்கும் பரிசோதனை நடக்கும். அந்த நாட்களில் தினமும் நடப்பதும், புகைப்பதை நிறுத்துவதும் பின்னால் வரும் நிமோனியாவைத் தடுக்க உதவும். விலா எலும்புப் பக்கம் வலியும் மரத்துப்போன உணர்வும் சில மாதங்கள் இருக்கலாம். வலி மாத்திரையைத் தவிர்த்து வீரம் காட்ட வேண்டாம். வலித்தால் இருமமாட்டீர்கள், இருமாவிட்டால் சளி தங்கும்.

கதிர்வீச்சு: சிறிய கட்டிக்கு, அறுவை முடியாதவர்களுக்கு, கூர்மையாகக் குறிவைத்துச் சில அமர்வுகளிலேயே முடிக்கும் முறை உண்டு. நிலை 3இல் வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம், கூடவே கீமோ. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் விழுங்கும்போது நெஞ்சு எரியத் தொடங்கும். உணவுக்குழாய் வெந்துபோவதால் வருவது அது. சாப்பாட்டை மென்மையாக, ஆறவைத்துச் சாப்பிடுங்கள், மரத்துப்போக வைக்கும் மருந்தையும் கேளுங்கள். எல்லாம் முடிந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், இரைப்பு வந்தால் அது கதிர்வீச்சினால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். சாதாரண சளி என்று விட்டுவிடாதீர்கள்.

கீமோ: வழக்கமாக 21 நாளுக்கு ஒரு சுற்று. குமட்டலுக்கான மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடாமல், எழுதிக் கொடுத்தபடி முன்கூட்டியே போடுங்கள். சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகளில் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைகூடக் குமட்டல் நீடிக்கும். வெள்ளணுக்கள் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை மிகக் கீழே இருக்கும்; கூட்டத்தைத் தவிர்க்க வேண்டிய நாட்கள் அவை. பெமெட்ரெக்ஸெட் என்ற கீமோ மருந்து கொடுப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் தொடங்க வேண்டும், இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிஸ்பிளாட்டினில் காதில் இரைச்சல், பாக்ளிடாக்ஸெலில் விரல்நுனி மரத்துப்போவது ஆகியவற்றை ஆரம்பத்திலேயே சொன்னால் மருந்தை மாற்றவோ குறைக்கவோ வழி இருக்கிறது. முற்றிய பிறகு சொன்னால் சில நிரந்தரமாகிவிடும்.

இலக்கு மாத்திரைகள்: படி 3இல் சொன்ன மரபணு மாற்றங்களைக் குறிவைப்பவை இவை. "மாத்திரைதானே" என்ற அலட்சியம் கூடாது. எர்லோடினிப், அஃபாடினிப் வெறும் வயிற்றில், அலெக்டினிப் சாப்பாட்டோடு, ஓசிமெர்டினிப் எப்படியும் போடலாம். ஜெஃபிடினிப், எர்லோடினிப் போடுபவர்கள் அசிடிட்டி மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. முகத்தில் பருப் போலத் தடிப்பு, நகக்கண் வீக்கம், வயிற்றுப்போக்கு ஆகியவை ஈஜிஎஃப்ஆர் மருந்துகளில் (அலெக்டினிப் தவிர மேலே சொன்ன மற்றவை) சகஜம். முதல் நாளிலிருந்தே மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் தடவத் தொடங்குங்கள். தடிப்பு தாங்க முடியாமல் போனால் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைத்தோ சில நாள் இடைவெளி விட்டோ தொடர முடியும்.

இம்யூனோதெரபி: முடி கொட்டாது, வாந்தியும் பெரிதாக இல்லை, அதனால் ஏமாற்றும். தூண்டப்பட்ட எதிர்ப்புச் சக்தி நுரையீரல், குடல், கல்லீரல், தைராய்டு என்று எதையும் தாக்கலாம், மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் "நான் இம்யூனோதெரபி எடுத்தவன்" என்று முதலில் சொல்லுங்கள். ஒரு சாதாரண வயிற்றுப்போக்குக்கும் இங்கே சிகிச்சை வேறு, ஸ்டீராய்டு தேவைப்படலாம்.

படி 6: உடனே கூப்பிட வேண்டியவை

இதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

- கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை காத்திருக்கக் கூடாது.
- திடீரென்று கூடும் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது. ரத்தக்கட்டியாக இருக்கலாம்.
- இருமலில் கோடுபோல அல்லாமல் அள்ளும் அளவுக்கு ரத்தம்.
- புதிய முதுகுவலியோடு கால் தளர்ச்சி, சிறுநீர் போவதில் சிக்கல். தண்டுவடம் அழுத்தப்படும் அறிகுறி. சில மணி நேரம்கூட முக்கியம்.
- முகமும் கழுத்தும் உப்புவது.
- வலிப்பு, இரட்டைப் பார்வை, காலையில் மோசமாகும் தலைவலி.
- காரணமில்லாத குழப்பம், தீராத தாகம். ரத்தத்தில் கால்சியமோ சோடியமோ நிலைகுலைந்திருக்கலாம்.

அறிகுறிகளைச் சீக்கிரம் சொல்வதால் ஆயுளுமே நீள்கிறது என்பதற்குச் சான்று உண்டு. பரவிய புற்றுநோய் உள்ள 766 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், அறிகுறிகளைக் கணினி வழியாக மருத்துவக் குழுவுக்குத் தொடர்ந்து தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். புது மருந்து எதுவும் சேர்க்கவில்லை.

படி 7: மூச்சிரைப்போடு வாழ்வது

முதலில் காரணத்தைத் தேட வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் வடித்து எடுக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் வீட்டிலேயே வடிக்கும்படி மெல்லிய குழாய் வைக்கலாம், அல்லது நுரையீரலைச் சுற்றியுள்ள இரு சவ்வுகளையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடலாம். ரத்தசோகை, தொற்று, ரத்தக்கட்டி ஆகியவற்றுக்கும் மருத்துவம் உண்டு.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் மீதம் இருக்கும் இரைப்புக்குச் சில எளிய வழிகள். குளித்துவிட்டுத் துவட்டும்போது, குனிந்து செருப்பு மாட்டும்போது, பேசிக்கொண்டே படி ஏறும்போதுதான் அதிகம் இரைக்கும். உட்கார்ந்து குளியுங்கள், உட்கார்ந்தே துவட்டுங்கள். இரைக்கும்போது மேசைமேல் முழங்கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காருங்கள், தோள் தளரட்டும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விடுங்கள். ஒரு சின்னக் கைவிசிறியை, பேட்டரியில் ஓடுவது, மூக்கும் மேலுதடும் இருக்கும் பக்கம் ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஆய்வில் பலன் தெரிந்த முறை இது. முகத்து நரம்பில் படும் குளிர்ச்சி மூச்சுத்திணறல் உணர்வையே குறைக்கிறது. ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவர்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டரைவிட இந்த விசிறி குறைந்ததில்லை.

அப்படியும் அடங்காவிட்டால் மார்ஃபின் என்ற வலி மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் அது மூச்சை நிறுத்துவதில்லை. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதற்கான மருந்தை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: சாப்பாடு, சோர்வு, மாற்று மருந்துகள்

எடை குறையாமல் பார்ப்பதுதான் குறி. மூன்று வேளை தட்டு நிறைய என்பதை விட்டுவிட்டு, சிறிது சிறிதாக ஆறு தடவை, ஒவ்வொன்றிலும் ஏதாவது புரதம். சோர்வு தூங்கினால் போகாத வகை. எரிச்சலாக இருந்தாலும் தினமும் கொஞ்சம் நடப்பதுதான் அதற்குத் தெரிந்த நல்ல மருந்து. ஆனால் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.

"இயற்கையானது, கெடுதல் செய்யாது" என்று யாராவது ஒரு பாட்டிலோடு வருவார்கள். 1994இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் கூடியது. காய்கறியில் இருக்கும் அதே பொருள்தான். எதை எடுத்தாலும் மருத்துவரிடம் பாட்டிலைக் காட்டிவிட்டு எடுங்கள்.

படி 9: சிகரெட் என்ற கேள்வி

"சிகரெட் பிடிப்பீங்களா?" துக்கம் விசாரிக்க வருபவர்களின் முதல் கேள்வி இதுதான். புகை முதன்மைக் காரணம் என்பது உண்மை. காற்று மாசு, ரேடான் வாயு, ஆஸ்பெஸ்டாஸ், அடுத்தவர் புகை ஆகியவற்றாலும் வருகிறது. எந்தக் காரணமும் தெரியாமலும் வருகிறது. புகைத்தவருக்கும் சிகிச்சை வேண்டும், மரியாதையும் வேண்டும். பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் பேச்சை மாற்றுங்கள்.

மருத்துவரிடம் மட்டும் மறைக்காதீர்கள். நோய் வந்த பிறகு நிறுத்தினாலும் பலன் உண்டு. சிகிச்சை நன்றாக வேலை செய்யும், தொற்று குறையும். எர்லோடினிப் போடுபவர் புகைத்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கியே போகும். மனவுறுதி மட்டும் போதாது. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, மாத்திரை என்று உதவிகள் இருக்கின்றன.

படி 10: வீட்டுக்குள்

நோயாளியிடமே நோயின் பெயரை மறைக்கும் குடும்பங்கள் நிறைய. அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் புற்றுநோய்ப் பிரிவின் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தெரியாதது போல இரு பக்கமும் நடிக்க வேண்டி வருகிறது, பக்கவிளைவையும் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. "உங்களுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?" என்று அவரிடமே கேட்பது நல்லது. குழந்தைகளுக்கும் வயதுக்கேற்ப நிஜத்தைச் சொல்லுங்கள்; தங்களால் வந்தது இல்லை, தொற்றாது என்ற இரண்டையும் சேர்த்து.

பார்த்துக்கொள்பவர் ஒருவராகவே இருந்தால் சீக்கிரம் விழுந்துவிடுவார். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்பவர்களிடம் குறிப்பான வேலையைக் கொடுங்கள்: செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, மருந்து வாங்கி வருவது.

படி 11: வலி நிவாரணக் குழுவை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்

வலியையும் மற்ற அவதிகளையும் தணிக்கும் இந்தக் கவனிப்புக்கு பேலியேட்டிவ் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் "கைவிட்டுட்டாங்களா" என்று கேட்பார்கள். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரில் ஒரு பிரிவினருக்கு, வழக்கமான சிகிச்சையோடு இந்தக் குழுவின் கவனிப்பையும் தொடக்கத்திலேயே கொடுத்தார்கள். அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது, வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. இடைநிலை ஆயுளும் 11.6 மாதம், மற்ற பிரிவில் 8.9. நிலை 4 என்றால் முதல் மாதத்திலேயே இவர்களைப் பார்க்கக் கேளுங்கள்.

நன்றாகப் பேச முடிகிற காலத்திலேயே, உங்களால் பேச முடியாமல் போனால் யார் முடிவெடுப்பது, வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை வீட்டாரிடம் சொல்லி எழுதியும் வைத்துவிடுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிள்ளைகளைத் திணற வைக்காமல் இருக்கும்.

படி 12: ஸ்கேன்களும் அடுத்த மருந்தும்

குணப்படுத்தும் சிகிச்சை முடிந்தவர்களுக்கு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிடி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களில் சிலருக்கு அறுவைக்குப் பிறகும் ஓசிமெர்டினிப் மூன்று ஆண்டு தொடரும். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் தூக்கம் கெடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். முடிவு எப்போது, யார் மூலம் வரும் என்று ஸ்கேன் அன்றே கேட்டுவிட்டால், கையில் வந்த ரிப்போர்ட்டை இரவில் நீங்களே படித்துத் தவிப்பது மிச்சம்.

நிலை 4இல் மாத்திரை ஒருநாள் வேலை செய்வதை நிறுத்தும். அது மாதங்களிலும் நடக்கலாம், ஆண்டுகள் கழித்தும் நடக்கலாம். அப்போது உடனே அடுத்த மருந்துக்குத் தாவாமல், மறுபடி பயாப்ஸியோ ரத்தப் பரிசோதனையோ தேவையா என்று கேளுங்கள். நோய் புதிய மரபணு மாற்றத்தோடு வந்திருக்கலாம். சிலருக்குச் சிறுசெல் வகையாகவே உருமாறியிருக்கும், அதற்கு மருந்தே வேறு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வளர்ந்திருந்தால் அங்கே கதிர்வீச்சு கொடுத்துவிட்டு அதே மாத்திரையைத் தொடர்வதும் உண்டு. இந்தக் கட்டத்தில் மருத்துவர் கேட்பது எந்த மருந்து, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, என்ன அளவு, ஏன் நிறுத்தினார்கள் என்பதைத்தான். நோட்டின் முதல் பக்கத்தில் அதை வரிசையாக எழுதி வையுங்கள், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு வரி சேருங்கள்.